பழைய நூக் கலரை டேப்லெட் ஆக்கலாம்: ஒரு மெமரி கார்டு போதும்

அமெரிக்காவில் இருக்கும் அத்தான், போன வருஷம் கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தபோது தன் பழைய நூக் கலரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்கப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் 2010 நவம்பரில் வெளியிட்ட மின்நூல் கருவி அது. ஏழு அங்குல வண்ணத் திரை, 512 எம்பி ராம். அந்தக் கடையின் புத்தகங்களை வாசிப்பதற்கென்றே பூட்டி வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டுதான். பூட்டைத் திறந்துவிட்டால் நல்லதொரு சின்ன டேப்லெட். பாளையங்கோட்டை வீட்டில் எங்கள் ஆச்சி இப்போது அதில்தான் தேவாரம் வாசிக்கிறாள்.

புதிதாகச் செய்பவர்களுக்கு முதலில் வருவது பயம்: "கெட்டுப்போனால்?" இந்தக் கருவியில் அந்தப் பயம் வேண்டாம். பவர் பட்டனை அழுத்தியதும் இதன் சிப் முதலில் மெமரி கார்டைத்தான் பார்க்கும். கார்டில் இயங்குதளம் இருந்தால் அதை ஏற்றும், இல்லாவிட்டால் பழையபடி நூக்காகவே விழிக்கும். நாம் எல்லாவற்றையும் கார்டில்தான் வைக்கப்போகிறோம், உள்ளே எதையும் தொடப்போவதில்லை. கோளாறு என்றால் அணைத்துவிட்டு கார்டை உருவினால் சரி.

படி 1: கார்டு

4 ஜிபி அல்லது 8 ஜிபி மைக்ரோ எஸ்டி போதும். இதில் அவசரப்படாதீர்கள். நான் முதலில் ஜங்ஷன் பக்கம் நடைபாதையில் மலிவாகக் கிடைத்த கார்டை வாங்கினேன். உறையில் 8 ஜிபி என்று போட்டிருந்தது. நிறுவும்போது பாதியில் நின்றுவிட்டது, இரண்டு முறை. ஒரு ராத்திரி முழுக்கக் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன், கோளாறு கார்டில் இருந்தது.

இன்னொன்று. கிளாஸ் 10 என்று எழுதியிருந்தால் நல்லது என்று நினைப்போம். அந்த எண் பெரிய கோப்பை ஒரே ஓட்டமாக எழுதும் வேகத்தைச் சொல்வது. இயங்குதளமோ சின்னச் சின்னத் துண்டுகளை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த வேலையில் பழைய சான்டிஸ்க் கிளாஸ் 4 கார்டுகள், பல கிளாஸ் 10 கார்டுகளைவிட நன்றாக ஓடின. எண்ணைப் பார்க்காமல் நம்பகமான கடையைப் பார்த்து வாங்குங்கள்.

படி 2: கோப்புகள்

இரண்டு கோப்புகள் தேவை. ஒன்று, கார்டில் நிறுவும் வேலையைச் செய்யும் தொடக்கப் படிமம் (இமேஜ் கோப்பு). மற்றது, சயனோஜென்மாட் 7.2. இது ஆண்ட்ராய்டு 2.3ஐ அடிப்படையாகக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கிய இலவச இயங்குதளம். நூக் கலரின் உட்பெயர் 'என்கோர்', அந்தப் பெயருள்ள கோப்பைத்தான் எடுக்க வேண்டும். சயனோஜென்மாட் திட்டம் 2016 டிசம்பரோடு நின்றுபோனதால், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகங்களில் தேடுங்கள். இதற்குப் பிந்தைய பதிப்புகளும் இந்தக் கருவிக்கு வந்தன. ஆனால் 512 எம்பி ராமில் மூச்சு வாங்கும். முதல் முறைக்கு 7.2 போதும்.

படி 3: எழுதுவது

விண்டோஸ் கணினியில், படிமத்தைக் கார்டில் எழுதும் இலவச நிரலான வின்32 டிஸ்க் இமேஜரைத் திறந்து தொடக்கப் படிமத்தைக் கார்டில் எழுதுங்கள். டிரைவ் எழுத்தை இரண்டு தடவை பாருங்கள். பக்கத்தில் பென் டிரைவ் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், தவறினால் அதில் உள்ள எல்லாம் அழிந்துபோகும். எழுதி முடித்ததும் 8 ஜிபி கார்டு நூற்றுச் சொச்சம் எம்பிதான் காட்டும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், மீதி இடத்தைக் கருவியே பிரித்துக்கொள்ளும். அந்தச் சின்ன இடத்துக்குள் சயனோஜென்மாட் ஜிப் கோப்பை அப்படியே, பிரிக்காமல் போடுங்கள். கோப்பின் பெயர் 'அப்டேட்-' என்று ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவும் நிரல் அதைக் கண்டுகொள்ளாது.

படி 4: நிறுவுவது

கருவியை முழுதாக அணையுங்கள். பின்புறம் கீழ் மூலையில் சின்ன மூடி இருக்கும், நகத்தால் நெம்பித் திறந்து கார்டைச் செருகி பவர் பட்டனை அழுத்துங்கள். திரையில் லினக்ஸ் பென்குயின் படம் வரும், கீழே எழுத்துகள் ஓடும். வேலை முடிந்ததும் தானாகவே அணைந்துவிடும். அப்புறம் மறுபடி போடுங்கள். முதல் தடவை திறக்கச் சில நிமிடங்கள் ஆகும், பொறுத்திருங்கள்.

இனிமேல் அந்தக் கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தமிழ் தெரிய

எனக்கு முக்கியமான பகுதி இதுதான். ஆண்ட்ராய்டு 2.3 தமிழுக்குத் தயாரானதல்ல. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள் தெரியும். எழுத்துருவை நாமே ஏற்றினாலும், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். 2011, 2012 வாக்கில் ஓப்பரா மினியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துத்தான் நாங்கள் செல்போனில் தமிழ் வாசித்தோம்.

அதே யோசனை இங்கும் உதவும். பிடிஎஃப் கோப்பில் எழுத்தின் வடிவம் கோப்போடே வந்துவிடும், கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. பிடிஎஃப் வாசிக்க உதவும் இபுக்டிராய்டு செயலியின் பழைய பதிப்பை ஏற்றிக்கொண்டு, யூஎஸ்பி வழியாகப் பிடிஎஃப்களைப் போடுங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் தருகிறது. ஏழு அங்குலத் திரையில் அதைத் திறந்தால் எழுத்து நன்றாகப் பெரிதாகத் தெரியும். ஆச்சியிடம் முதலில் அதைத்தான் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "ஏல, இது வாசிக்கலாம்லா" என்றாள்.

இணையம், சார்ஜ்

வைஃபை வேலை செய்யும். ஆனால் கூகுள் 2021 செப்டம்பர் 27 முதல் ஆண்ட்ராய்டு 2.3.7 வரையிலான கருவிகளில் கணக்கில் நுழைவதை நிறுத்திவிட்டது, ஆகவே பிளே ஸ்டோர் கிடையாது. பெரும்பாலான இணையதளங்களும் திறக்காது. வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எதையும் இதில் போடாதீர்கள். இதை வாசிக்க மட்டும் வையுங்கள்.

சார்ஜருக்கு நூக்கோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். அதன் முனை சாதாரண மைக்ரோ யூஎஸ்பியைவிடச் சற்று நீளம். சாதாரண கேபிளில் சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும்.

எல்லாம் சரியாக அமைந்ததும் கார்டைக் கணினியில் போட்டு, அதே டிஸ்க் இமேஜரில் 'ரீட்' கொடுத்து முழுக் கார்டையும் ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு என்றைக்காவது செத்துப்போனால், அதே அளவுள்ள புதுக் கார்டில் எழுதிச் செருகினால் விட்ட இடத்திலிருந்தே வாசிக்கலாம்.