ஆரைக்கீரை உறங்குவதைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுது சாய்ந்தால் ஆரைக்கீரை இலைகளைக் கூப்பிக்கொள்ளும், அதுதான் அதன் உறக்கம் என்று படித்துவிட்டு, தண்ணீர் நிரம்பிய தொட்டியின் முன் அடுத்தடுத்து மூன்று மாலை உட்கார்ந்திருந்தேன். ஓர் இலைகூட அசையவில்லை. செடியில் குறையில்லை. நான் பார்த்தவை எல்லாம் நீரின்மேல் படுத்து மிதக்கும் இலைகள். அவை பொதுவாக மடங்குவதில்லை. காம்பை நிமிர்த்திக் காற்றில் நிற்கும் இலைதான் இரவில் மடங்கும். இது தெரியாமல்தான் பலரும் பாதியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

செடியை மாற்றி எடுத்துக்கொள்வதும் உண்டு. புளியாரைக்கு மூன்று சிற்றிலைகள், இரவில் அவை கீழே தொங்கும், பூவும் பூக்கும். ஆரைக்கு நான்கு சிற்றிலைகள், அவை மேல்நோக்கி மடங்கும். ஆரை பூக்காது, பெரணி இனம் அது. இளந்தளிர் சுருண்டு வெளிவருவதைப் பார்த்தாலே புரிந்துவிடும். 1880இல் இலைகளின் உறக்கத்தைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வின், பூவாத் தாவரங்களில் உறங்குவதாகத் தாம் அறிந்தது ஆரை ஒன்றையே என்று குறித்திருக்கிறார்.

அடுத்தது அவசரம். வறண்ட மண்ணில் குட்டைக் காம்போடு விறைத்து நிற்கும் செடிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு, மாலைக்குள் இலைகள் மிதக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதிர்ந்த இலை தன் அமைப்பை மாற்றிக்கொள்வதில்லை. நீர் சூழ்ந்தபின் சுருள் விரியும் புது இலைதான் நீண்டு துவளும் காம்போடு மேலே வந்து மிதக்கும். அதன் இலைத்துளைகள், அதாவது காற்று போய்வரும் நுண்துளைகள், மேற்புறத்தில் மட்டுமே இருக்கும். காற்றில் நிற்கும் இலைக்கு இருபுறமும் உண்டு. அதனால், தண்ணீர் மட்டத்தை மாற்றும் நாளில் இருக்கிற இலைகளின் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நூல் இல்லாதவை எல்லாம் பிறகு பிறந்தவை.

வாடலை உறக்கம் என்று எழுதிவிடுவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. உறங்கும் இலையின் காம்பு நிமிர்ந்தே இருக்கும். நான்கு சிற்றிலைகளும் எழுந்து, மேற்பரப்பு உள்ளே மறையுமாறு ஒட்டி, காம்பு நுனியில் சிறு பொட்டலம்போல் நிற்கும். வாடிய இலையில் காம்பே தளரும், ஓரங்கள் சுருளும். ஐயம் வந்தால் காம்பைப் பாருங்கள். மண்ணைக் காயவிடும் நாள்களில் இரவுக் குறிப்பு எடுக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது நீரின் விளைவு, எது இரவின் விளைவு என்று பிரிக்க முடியாது.

நண்பகலில் பெட்டியால் மூடி ‘இரவு’ உண்டாக்குவதும் பயன் தராது. 1729இல் பிரெஞ்சு அறிவியலாளர் டி மைரான் தொட்டாற்சுருங்கியை இருட்டில் வைத்தார். அங்கேயும் அது பகல் வேளையில் இலையை விரித்தது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, இருட்டு மட்டும் காரணமன்று.

விளக்கு எரியும் அறையில் தொட்டியை வைக்காதீர்கள். கைவிளக்கைச் சில நொடிகளுக்கு மேல் அடிக்காதீர்கள். விரலால் தட்டி எழுப்பவும் வேண்டாம். ஆரை தொட்டாற்சுருங்கி அல்ல. மாலையைவிட விடியலில் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். வெளுக்கும் முன்பே போய் உட்கார்ந்து, நூல் கட்டிய ஓர் இலையை மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைந்துகொண்டே வாருங்கள்.