கைக்கு மெத்தை, எலும்புக்குத் தரை: நாய்ப் படுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தன் லாப்ரடாரை என்னிடம் விட்டுச் செல்ல வந்த பெண், நாயை இறக்குவதற்கு முன் அதன் படுக்கையைத்தான் வண்டியிலிருந்து இறக்கினார். உப்பிப் பருத்த வட்டப் படுக்கை, மேலே முயல் ரோமம் போன்ற துணி. "கையை வைத்துப் பாருங்கள் அக்கா, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!" என்றார். நான் கையை வைக்காமல் முழங்காலை ஊன்றினேன். உடனே தரை தட்டியது.

ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைப் பதினான்கு ஆண்டுகளாக என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நாயோடு அதன் படுக்கையும் வரும். நான் முன்பு செய்த அதே தவறுகள் அந்தப் படுக்கைகளில் மறுபடி மறுபடி வந்து இறங்குகின்றன. பெரிய நாய்க்குச் சின்னப் படுக்கை வாங்குவது போன்ற, பார்த்தாலே தெரியும் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

கையால் அழுத்திப் பார்த்து வாங்குவது

உள்ளங்கை அகலமானது. நாம் அதை லேசாகத்தான் வைக்கிறோம். எந்தப் பஞ்சும் அதற்கு மெத்தென்றுதான் தெரியும். படுத்திருக்கும் நாயின் எடையோ முன்னங்கால் முழங்கை, இடுப்பெலும்பு, பின்னங்கால் மூட்டு எனச் சதையே இல்லாத சில இடங்களில் குவிந்து இறங்குகிறது. உதிரிப் பாலியஸ்டர் பஞ்சு அந்த இடங்களிலிருந்து விலகி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். முதல் வாரம் உப்பலாக இருக்கும் படுக்கை இரண்டாம் மாதம் நடுவில் குழியாகிவிடும். சுற்றிலும் பஞ்சு இருக்கும், எலும்பு தரையில் இருக்கும். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரத்தைத் தூக்கத்திலேயே கழிக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் நாய் கறுப்பிக்கு ஒன்பது வயதானபோது, இருந்ததிலேயே மிக மென்மையான படுக்கையைத் தேடி வாங்கினேன். இரண்டு மாதம் அதில் படுத்தாள். பிறகு எழுந்து போய் வெறும் தரையில் படுக்கத் தொடங்கினாள். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒவ்வொரு இரவும் அதட்டிக் கூட்டிவந்து மறுபடி அதிலேயே படுக்க வைத்தேன். இன்றும் என்னை உறுத்துவது அந்த அதட்டல்தான். அவள் ஒதுக்கிய படுக்கையைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சில வாரங்களில் இடது முழங்கையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. தொட்டால் குழைந்தது, அவளுக்கு வலிக்கவில்லை. எலும்பு மீண்டும் மீண்டும் கடினமான பரப்பில் அழுந்தியதால் தோலுக்கடியில் நீர் கோத்திருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். ஊசியால் எடுத்துவிடலாமே என்று கேட்டேன். குத்தினால் கிருமி உள்ளே போகலாம், படுக்கையை மாற்றாத வரை நீர் மறுபடியும் கோக்கும், எனவே படுக்கையை மாற்றுவதே முதல் வேலை என்றார்.

அன்றே இன்னொன்று வாங்கினேன். பையின் மேல் பெரிய எழுத்தில் 'ஆர்த்தோபீடிக்', அதாவது எலும்புக்கும் மூட்டுக்கும் ஏற்றது, என்று அச்சிட்டிருந்தது. அதை நம்பி ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. வீக்கம் வற்றாததால் மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தேன். மேலே இரண்டு சென்டிமீட்டர் ஃபோம், அதற்குக் கீழே கத்தரித்த ஃபோம் துண்டுகள். இரண்டு முறை பணம் போனது, அவளுடைய ஐந்து மாதமும் போனது. அந்தச் சொல்லை எந்த மெத்தையின் மேல் பார்த்தாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உள்ளே எத்தனை சென்டிமீட்டர் கனம், எவ்வளவு அடர்த்தி என்று அது எதையுமே சொல்வதில்லை.

'மெமரி ஃபோம்' என்ற பெயரும் தனியாக நின்றால் போதாது. விமான இருக்கைகளுக்காக 1966-இல் நாசாவின் ஆய்வு ஒன்றில் உருவான பொருள் அது. உடல் சூட்டில் இளகி, உடலின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். அடியில் உறுதியான ஃபோம் தாங்கினால்தான் அந்த இளக்கத்தால் பயன். வெறும் மெமரி ஃபோமில் கனமான நாய் மெல்ல மெல்ல அமிழ்ந்து அடியைத் தொட்டுவிடும். அது சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அடர்ந்த ரோமம் கொண்ட நாய் நள்ளிரவில் இறங்கிப்போனால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட நாய்க்குத் துணி இழுத்துக் கட்டிய தாழ்வான கட்டில் பொருந்தும், ஏறி இறங்க மூட்டுகள் இடம் கொடுத்தால்.

முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாக வெட்டிய ஃபோமை வாங்கும்போது, அதன் கனத்தை மேட்டின் உச்சியிலிருந்துதான் அளந்து சொல்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நாய் படுத்ததும் அந்த மேடுகள் தட்டையாகிவிடும்.

கடையில் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். ஒரு நொடியில் எடுத்துவிடாமல் இருபது வரை எண்ணுங்கள், ஏனென்றால் மெமரி ஃபோம் முதலில் எதிர்த்துப் பிறகுதான் இறங்கும். ஜிப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். திறக்க முடியாதபடி தைத்திருந்தால் வாங்காதீர்கள். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு, துண்டுகளாக இல்லாத ஒரே பாளமான ஃபோம், பத்து சென்டிமீட்டர் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். சிறிய நாய்க்கு அதில் பாதி போதும். வீட்டில் ஏற்கெனவே படுக்கை இருந்தால், நாய் படுத்திருக்கும்போது அதன் முழங்கைக்கு நேர் கீழே, மெத்தைக்கும் தரைக்கும் நடுவே விரல்களை நுழையுங்கள். எலும்பின் அழுத்தம் விரலில் தெரிந்தால் அந்த மெத்தையின் காலம் முடிந்துவிட்டது.

மூட்டுவலி உள்ள முதிய நாய்க்கு அதிக மென்மை இன்னொரு விதத்திலும் கேடு. எழ வேண்டுமானால் அது முன்னங்காலை ஊன்றி உந்த வேண்டும். ஊன்றும் இடம் அமிழ்ந்தால், இரண்டு முறை முயன்றுவிட்டு எழாமலேயே படுத்திருக்கும். அதைச் சோம்பல் என்று எண்ணிவிடுகிறார்கள்.

நிற்கும் நாயை அளப்பது

தூங்கும்போது அளவெடுங்கள். பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருக்கையில் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஓர் அளவு, அதோடு இருபது சென்டிமீட்டர். சுற்றிலும் திண்டு வைத்த படுக்கையானால் திண்டுக்கு உட்பட்ட இடத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். சுருண்டு படுக்கும் நாய்க்குத்தான் திண்டு சுகம். காலை நீட்டிப் படுக்கும் நாய்க்கு அது சுவர்.

வழுக்கும் அடிப்பாகம்

பளபளத் தரையில் நகரும் படுக்கை, முதிய நாயைக் கீழே விழ வைக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

ஃபோமைத் துவைப்பது

வாரம் ஒருமுறை துவைக்க வேண்டியது உறையை. ஃபோமைத் துவைப்பு இயந்திரத்தில் போட்டால் நீரைக் குடித்துக் கனத்து, கிழிந்து வரும். வெளியே காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் தங்கும், அங்கே பூஞ்சை பிடிக்கும். நாய் சிறுநீர் கழித்துவிட்டால் துணியால் ஒற்றி எடுங்கள், குளிர்ந்த நீர் தெளித்து மீண்டும் ஒற்றுங்கள், பிறகு நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி ஊறவிடுங்கள். அமோனியா கலந்தவை வேண்டாம். அந்த வாடையைச் சிறுநீர் வாடையாக எடுத்துக்கொண்டு நாய் மறுபடியும் அங்கேயே கழிக்கக்கூடும். நனைந்த ஃபோமை நிமிர்த்தி வைத்து நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். கிருமி சாகட்டும் என்று நாள் கணக்கில் கடும் வெயிலில் போட்டால் ஃபோம் மஞ்சளித்துப் பொடியாக உதிரும். நல்ல மெத்தை ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். நீர் புகாத உள்ளுறை ஒன்றும், மாற்றிப் போட இரண்டாவது மேலுறை ஒன்றும் இருந்தால் இந்தச் சிரமத்தில் பெரும்பகுதி மிச்சம். வாசனை ஊட்டும் துணி மென்மையாக்கிகளைத் தவிர்த்துவிடுங்கள். சில நாய்களுக்குத் தோல் அரிக்கும்.

நாயைக் குளிப்பாட்டியதோடு தெள்ளுப்பூச்சி ஒழிந்தது என்று நினைப்பது

தெள்ளுப்பூச்சி நாயின் மேல் முட்டையிட்டாலும் அந்த முட்டை ரோமத்தில் ஒட்டிக்கொள்வதில்லை, உதிர்கிறது. நாய் அதிக நேரம் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் அதிகம் உதிரும். புழுக்கள் தையல் இடுக்குகளில் வளர்ந்து கூடு கட்டுகின்றன. கூட்டுக்குள் அவை மாதக்கணக்கில் காத்திருந்து, அதிர்வும் சூடும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியதும் பூச்சி கடிக்கிறது என்று சொல்லி, என்னிடம் இருந்தபோது நாய்க்குத் தொற்றியதா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். ஆனால் பல நேரங்களில் கூடு அவர்கள் வீட்டுப் படுக்கையிலேயே இருந்திருக்கிறது. துணி தாங்குமானால் உறையை 60 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் துவையுங்கள். மெத்தையின் இடுக்குகளையும் அடியில் உள்ள தரையையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தக் குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே அகற்றுங்கள். நாய்க்கான மருந்தும் அதே நாளில் தொடங்க வேண்டும்.

கடிக்கும் குட்டிக்கு ஃபோம் மெத்தை

விழுங்கிய ஃபோம் துண்டு குடலை அடைக்கும். பல் முளைத்து முடியும் வரை மடித்த போர்வை போதும்.

படுக்கையைத் தண்டனை இடமாக்குவது

வேண்டவே வேண்டாம்.

புதியது வந்த அன்றே பழையதை எறிவது

புது ஃபோமுக்கு ஒரு நெடி உண்டு. நமக்கே தெரியும்போது நாயின் மூக்குக்கு அது எவ்வளவு கடுமையாக இருக்கும்! சில நாள் காற்றாட வைத்துவிட்டு, பழைய உறையைத் துவைக்காமல் அதன் மேல் விரியுங்கள்.

அந்த லாப்ரடாருக்கும் இதைத்தான் செய்தேன். என்னிடம் இருந்த பன்னிரண்டு சென்டிமீட்டர் மெத்தையின் மேல் அதன் ரோமத் துணியை விரித்தேன். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு வாசலருகே தரையில் படுத்தது. நான் கூப்பிடவில்லை. மூன்றாம் இரவு தானாக வந்து, முன்னங்காலால் துணியைப் பிறாண்டி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. விடியும் வரை இடம் மாறவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்ததும் அதன் முழங்கையில் காய்த்துப்போன தோலைத் தொட்டுக் காட்டினேன். சற்று நேரம் அதைத் தடவியபடி உட்கார்ந்திருந்தவர், பிறகு மெத்தையின் நீள அகலத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனார்.