எக்சிமா உள்ள பிள்ளைக்குக் குளியலும் பூச்சும்: வீட்டுச் செய்முறை

முழங்கை, முழங்கால் மடிப்புகளில் தோல் காய்ந்து சிவந்து, இரவெல்லாம் பிள்ளை சொறிந்துகொண்டிருந்தால், அது எக்சிமாதான் என்று வைத்தியர் உறுதிசெய்த பின்பே இந்தச் செய்முறையைத் தொடங்குங்கள். பூஞ்சைத் தொற்றான படர்தாமரையை எக்சிமா என்று நினைத்து ஸ்டீரொயிட் (அழற்சியைத் தணிக்கும் மருந்து) பூசினால் அது மேலும் பரவும்.

முதலில் குளியல். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவதால் வன்மையானது. அதில் சவர்க்காரம் நன்றாக நுரைக்காது, பிசுக்காகத் தோலில் தங்கி எரிச்சலைக் கூட்டும். ஆகவே வாசனைச் சவர்க்காரத்தை நிறுத்திவிட்டு, இளஞ்சூட்டு நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் குளிப்பாட்டினால் போதும். நீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை: இங்கிலாந்தில் 336 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில் அதனால் மேலதிகப் பயன் எதுவும் தெரியவில்லை.

அடுத்தது பூச்சு. எங்கள் வீட்டில் சரிப்பட நீண்ட காலம் எடுத்த படி இதுதான். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றாகக் காயுமுன், சில நிமிடங்களுக்குள் பூச வேண்டும். பூச்சு தோலுக்குள் நீரைப் புகுத்துவதில்லை, ஏற்கெனவே அங்குள்ள நீரை வெளியேறவிடாமல் தடுக்கிறது. அளவிலும் தாராளம் வேண்டும். உடல் முழுவதும் வறண்ட பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை செலவாகும் என்பதால், விலை உயர்ந்த சிறு குப்பியைவிட மலிவான வெள்ளை வஸ்லினே என் தெரிவு. அதைச் சுத்தமான கரண்டியால் எடுத்து, மயிர் வளரும் திசையில் தடவுங்கள். அக்குவஸ் கிறீமை (மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் கலந்த வெள்ளைக் கிறீம்) பூசி அப்படியே விடுவது சில பிள்ளைகளுக்கு எரிச்சல் தரும். பங்குனி, சித்திரை வெயிலில் வியர்வையைக் கழுவிவிட்டு மறுபடியும் பூச நேரும்.

சிவந்த இடங்களுக்கு வைத்தியர் தந்த ஸ்டீரொயிட் மருந்தைப் பூசுங்கள். ‘மெல்லியதாகப் பூசவும்’ என்பதைப் பார்த்துக் கடுகளவு எடுத்து முழுக் காலுக்கும் இழுப்பவர்கள் பலர். அதனால் புண் ஆறாமல் மருந்துக் காலம் நீள்கிறது. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய மருந்து ஏறத்தாழ அரை கிராம்; அது, விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். வஸ்லினுக்கும் இதற்குமிடையே 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். ஒருவருக்கு எழுதிய கடுமையான மருந்தை இன்னொரு பிள்ளையின் முகத்தில் பூசவே கூடாது.

கிரந்தி (சொறியைக் கூட்டும் உணவு) என்று சொல்லிக் கத்தரிக்காயை விலக்கினால் நட்டமில்லை. ஆனால் வைத்தியரின் ஆலோசனையின்றிப் பாலையும் முட்டையையும் நிறுத்தினால் போசாக்குக் குறையும்.

மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல், காய்ச்சல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். கொத்தாகக் கொப்புளங்கள் தோன்றிக் குழிந்த சிறு புண்களாக மாறினால், அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள்.

பின்சேர்க்கை: தேங்காய் எண்ணெய் போதுமா என்று பலர் கேட்டிருந்தனர். லேசான வறட்சிக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய் உதவும். ஒலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் தவிருங்கள். இன்னொன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். வஸ்லின் ஊறிய துணி தீயை வேகமாகப் பற்றும். துவைத்தாலும் அது முற்றாக நீங்காது. கார்த்திகை விளக்கீட்டன்று அந்தச் சட்டையுடன் பிள்ளையை விளக்குகளுக்கு அருகில் விடாதீர்கள்.