தனிச் சாக்ஸபோனுக்கும் கான்சர்ட் பேண்டுக்கும் ஜாஸ் பேலட்: இசைக்கோர்ப்பின் முதல் படிகள்

மெதுவான ஜாஸ் பாடலான பேலட்டில், தனிச் சாக்ஸபோனுக்குப் பின்னால் காற்றுக்கருவிகளும் தாளக்கருவிகளும் கொண்ட கான்சர்ட் பேண்டாக ஐம்பது பேர் அமர்ந்திருந்தால், அவர்களில் பெரும்பாலோரைப் பெரும்பாலான நேரம் வாசிக்காமல் வைத்திருப்பதே இசைக்கோர்ப்பவரின் தலையாய வேலை.

முதலில் சுருதியை முடிவு செய்யுங்கள். ஆல்டோ சாக்ஸபோனுக்கு சி என்று எழுதினால் ஈ ஃபிளாட் ஒலிக்கும் என்பதால், பாடலை ஈ ஃபிளாட் மேஜரில் வைத்தால் தனிக் கலைஞரின் தாளில் அது சி மேஜராகவும், சி என்று எழுதினால் பி ஃபிளாட் ஒலிக்கும் கிளாரினெட், ட்ரம்பெட் தாள்களில் எஃப் மேஜராகவும் அமையும்.

அடுத்தது நீளம். ஏ-ஏ-பி-ஏ அமைப்பிலுள்ள (ஏ பகுதி இருமுறை, மாறுபட்ட பி பகுதி, மீண்டும் ஏ) 32 பார்களை, அதாவது நான்கு பீட் கொண்ட 32 தாள அளவுகளை, நிமிடத்துக்கு 60 பீட் வேகத்தில் ஒருமுறை வாசிக்கவே இரண்டு நிமிடங்களுக்கு மேலாகும். ஆகவே இரண்டு சுற்றுகள் போதும். முதல் சுற்றில் சாக்ஸபோன் மெட்டை வாசிக்கட்டும். இரண்டாவதில் முதல் இரண்டு ஏ பகுதிகளை மனோதர்மத்துக்கு விட்டு, பி பகுதியை முழு பேண்டுக்கும் கொடுத்து, கடைசி ஏ பகுதியில் சாக்ஸபோனை மீண்டும் கொண்டுவாருங்கள். மனோதர்மம் பழகாதவர்களுக்காக, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) குறிகளுடன் முழுமையாக எழுதிய ஒரு வரியையும் சேர்ப்பது நல்லது.

இனி பின்னணி, அதிகப் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். எஃப் மைனர் செவன்த், பி ஃபிளாட் செவன்த், ஈ ஃபிளாட் மேஜர் செவன்த் என்ற கார்டு வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் கார்டின் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களான ஏ ஃபிளாட்டையும் ஈ ஃபிளாட்டையும் இரண்டு ஹார்ன்களுக்குக் கொடுங்கள். இரண்டாம் கார்டில் ஈ ஃபிளாட் மட்டும் டி-க்கு இறங்கும்; மூன்றாம் கார்டில் டி அப்படியே நிற்க, ஏ ஃபிளாட் ஜி-க்கு இறங்கும். அடிப்படை ஸ்வரங்களை ட்யூபா பார்த்துக்கொண்டால், மூன்றே கருவிகளில் கார்டுகளின் நகர்வு தெளிவாகக் கேட்கும். இதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

சாக்ஸபோன் நீண்ட ஸ்வரத்தில் நிற்கும் இடத்தில் பேண்ட் நகரலாம். சாக்ஸபோன் நகரும்போது பேண்ட் நிற்க வேண்டும். பேண்டிலுள்ள மற்ற சாக்ஸபோன்கள் அதே நிறத்தில் ஒலித்துத் தனிக்குரலை மறைத்துவிடும் என்பதால், பி பகுதி வரும்வரை அவற்றுக்கு ஓய்வு கொடுங்கள்; மெட்டுக்குக் கீழே நிரப்பக் கிளாரினெட்டின் தாழ்ந்த ஸ்தாயியே மிகவும் பொருத்தம் என்பது என் கருத்து. இந்த வேகத்தில் நான்கு பார் நீளும் ஒரு ஸ்வரம் 16 வினாடிகள் நிற்கும் என்பதால், கலைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மூச்செடுக்குமாறு தாளிலேயே குறித்துவிடுங்கள்.

டிரம்ஸுக்குக் குச்சிக்குப் பதிலாகப் பிரஷ் போதும்.

முடிவில் சாக்ஸபோன் தனியாக வாசிக்கும் கடென்ஸாவை வைத்தால், அதன் கடைசிச் சில ஸ்வரங்களை நடத்துநரின் ஸ்கோரிலும், அடுத்து முதலில் நுழையும் கருவிகளின் தாள்களிலும் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். தாளம் நின்றுபோன அந்த இடத்தில் எப்போது நுழைவது என்பதை அவர்கள் அதைப் பார்த்தே அறிவார்கள்.