மடிப்புச் சிவப்புக்கு மருந்து வாங்கும் முன்

மார்புக்கு அடியில், தொப்பை மடிப்பில், தொடை இடுக்கில் சிவந்து எரிகிறதா? களிம்பு தடவும் முன் நல்ல வெளிச்சத்தில் சிவப்பின் ஓரத்தைப் பாருங்கள். தோலும் தோலும் ஒட்டும் இடத்தில் மட்டும், இரு பக்கமும் ஒரே அளவில் சிவந்திருந்தால் பெரும்பாலும் வியர்வையும் உராய்வும்தான் காரணம். மடிப்பைத் தாண்டிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் கேண்டிடா பூஞ்சை சேர்ந்திருக்கும். ஓரம் தடித்து வளையமாகப் பரவினால் படர்தாமரை என்ற இன்னொரு பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.

உராய்வுப் புண்ணுக்குப் பெரிய செலவு இல்லை. குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்ந்தபின் ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெலிதாகப் பூசுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை மடிப்புக்குள் வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். ஈரத்தில் ஊறிய தோல்தான் உரசினால் சீக்கிரம் உரியும். துணி வியர்வையை உறிஞ்சும், களிம்பு தோலுக்கு மேல் தடுப்பாக நிற்கும்.

பூஞ்சை என்றால் இது மட்டும் போதாது, க்ளோட்ரிமசோல் போன்ற மருந்து வேண்டும். மருந்துக் கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அரிப்பு உடனே அடங்கும். ஆனால் படர்தாமரை வெளியே தெரியாமல் பரவும், மடிப்புத் தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும்.

சீழ், காய்ச்சல், கடும் வலி இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், தோல் மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி திரும்பி வந்தால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.