ஏப்ரலில் கொட்டும் பனி: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மார்ச் கடைசியில் இரண்டு நாள் நல்ல வெயில் எறித்தவுடன் குளிர்ச் சப்பாத்தையும் தடித்த ஜக்கெற்றையும் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். நாட்காட்டியில் வசந்தம் தொடங்கியிருக்கும், வானத்துக்கு அது தெரியாது. 2018 ஏப்ரல் நடுப்பகுதியில் தெற்கு ஒன்ராறியோவில் உறைமழையும் (விழுந்து பட்டதும் ஐஸாக உறையும் மழை) ஐஸ் மணிகளும் சேர்ந்து கொட்டின. ரொறன்ரோவின் சீஎன் கோபுரத்திலிருந்து விழுந்த ஐஸ் பக்கத்து மைதானமான றொஜர்ஸ் சென்ரரின் கூரையைத் துளைத்ததில் அன்றைய பேஸ்போல் ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. 2020இல் மே மாதம், அன்னையர் தின வார இறுதியிலும் ரொறன்ரோப் பக்கம் பனி தூவியது. கல்கரியில் இருப்பவர்களிடம் மே மாதப் பனியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே அது புதினமில்லை.

ஜனவரிப் பனியும் ஏப்ரல் பனியும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் பத்தில் விழுவது மாப்போல உலர்ந்திருக்கும், தும்புத்தடியால்கூடத் தள்ளிவிடலாம். ஏப்ரலில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். விழுவது ஈரப்பனி, கம்பியிலும் கிளையிலும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க மலைப்பக்கம் உருவாகி வரும் புயல்களை இங்கே ‘கொலராடோ லோ’ என்பார்கள். அவை தெற்கிலிருந்து ஈரக்காற்றை அள்ளிவந்து, இன்னும் போகாமல் நிற்கும் வடக்குக் குளிரோடு மோதவிடும். ஒரு பாகை கூடினால் மழை, குறைந்தால் பனி, இரண்டுக்கும் நடுவில் உறைமழை. அதனால்தான் வசந்தகாலப் புயலுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று துல்லியமாகச் சொல்வது கடினம். 2022 ஏப்ரலில் வினிபெக்குக்குப் பல பத்தாண்டுகளில் காணாத புயல் வருகிறது என்றார்கள். நகருக்குள் பயந்த அளவுக்குக் கொட்டவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அடுத்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்கள் உண்டு. என் கணக்கில் அது விசர்வேலை.

சரி, எச்சரிக்கையை எப்படி வாசிப்பது? கனடா சுற்றுச்சூழல் திணைக்களத்தின் ‘வெதர்கேன்’ செயலியைப் போனில் இறக்கி, வீடு, வேலையிடம் இரண்டையும் சேர்த்துவையுங்கள். ‘வாட்ச்’ என்றால் புயலுக்கான சூழல் கூடிவருகிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். ‘வோர்னிங்’ என்றால் ஆபத்து வந்துவிட்டது அல்லது வருவது ஏறக்குறைய உறுதி. விசேட வானிலை அறிக்கை பெரும்பாலும் இவற்றுக்கு முன்பே வரும், கடைக்குப் போய்வர நல்ல நேரம் அதுதான். 2025 நவம்பரிலிருந்து நிறமும் சேர்த்து அறிவிக்கிறார்கள். அடிக்கடி காண்பது மஞ்சள், அதைவிடக் கடுமையானது செம்மஞ்சள். சிவப்பு அரிதாகவே வரும். வந்தால் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம். நிறத்தோடு நிறுத்தாமல் கீழே எழுதியிருப்பதையும் வாசியுங்கள். ‘உறைமழை’ என்ற சொல் அங்கே இருந்தால், 5 சென்ரிமீற்றர் பனிதானே என்று நினைக்க இடமில்லை. இருபது சென்ரிமீற்றர் உலர்பனியில் ஓட்டிப் போகலாம், சில மில்லிமீற்றர் ஐஸில் நடக்கவும் முடியாது. இன்னொன்று: டொர்னேடோ போன்றவற்றுக்குப் போன் தானாக அலறும். பனிக்கும் அப்படி அலறும் என்று காத்திருக்காதீர்கள்.

வசந்தப் புயலில் நான் அதிகம் பயப்படுவது மின்சாரத்தைப் பற்றி. இங்கே எல்லோரும் ‘ஹைட்ரோ’ என்பது அதைத்தான். 2023 ஏப்ரல் 5இல் மொன்றியலையும் சுற்றுவட்டாரத்தையும் உறைமழை தாக்கியபோது கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. ஐஸ் ஏறிய கிளைகள் முறிந்து கம்பிகளில் விழுந்ததுதான் காரணம். புதிதாக வந்தவர்கள் பலர், வீட்டுச் சூடு வாயுவில்தானே ஓடுகிறது, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறார்கள். பேர்னஸ் வாயுவை எரித்தாலும் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில்தான் சுழல்கிறது. மின்சாரம் போனால் சூடும் போகும். அந்த நேரத்தில் பார்பிகியூ அடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ எடுத்துவந்து மூட்டிவிடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எல்லோரும் ஒரே அறையில் கூடிக் கதவைச் சாத்தி, போர்வையோடு இருப்பது மேல். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் தாங்கும், நிரம்பிய பிரீசர் இரண்டு நாள் தாங்கும். வெளியே கம்பி அறுந்து கிடந்தால் குறைந்தது 10 மீற்றர் தள்ளி நின்று 911ஐ அழையுங்கள்.

பேஸ்மென்ட் வாடகைக்காரருக்குத் தனியாக ஒரு சொல். இந்தப் பனி ஜனவரிப் பனிபோல வாரக்கணக்கில் கிடக்காது, அநேகமாக இரண்டொரு நாளில் உருகிவிடும், அதோடு மழையும் வரலாம். பேஸ்மென்டில் சம்ப் பம்ப் (நிலத்தடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப்) இருந்தால் அதுவும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. புயலுக்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அதற்கு பற்றரி இருக்கிறதா என்று. இல்லையென்றால் கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், அரிசிச் சாக்கு எல்லாவற்றையும் நிலத்திலிருந்து தூக்கி மேலே வையுங்கள். வீதியோர வடிகாலை மூடிய பனியையும் கொஞ்சம் விலக்கிவிடுங்கள்.

பனி அள்ளுவது: இரண்டு கார் நிற்கும் வாசல் ஏறக்குறைய 30 சதுர மீற்றர். அதில் பத்து சென்ரிமீற்றர் ஈரப்பனி விழுந்தால் அரைத் தொன்னைத் தாண்டிவிடும். தூக்கி எறியாமல் தள்ளுங்கள், பாதி விழுந்ததும் ஒருமுறை, நின்றதும் ஒருமுறை. இதய வருத்தம் உள்ளவர்கள், வயதான அப்பா அம்மா, இந்த வேலைக்கு இறங்கக் கூடாது. பொடியன் ‘நான் பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தாலும்கூட! மார்ச்சில் மிஞ்சிய உப்புப் பையை எறிந்துவிடாதீர்கள். கடுங்குளிரைவிடப் பூச்சியத்தை ஒட்டிய நேரத்தில்தான் உப்பு நன்றாக வேலை செய்யும்.

காரைப் பொறுத்தவரை, வெப்பநிலை 7 பாகைக்குமேல் நிலையாக நிற்கும்வரை குளிர்கால ரயரைக் கழற்ற வேண்டாம். கியூபெக்கில் சட்டம் மார்ச் 15உடன் முடிகிறது, ஒன்ராறியோவில் அப்படிச் சட்டமே இல்லை. வீதி சட்டத்தைப் பார்த்து வழுக்குவதில்லை. பகலில் உருகியது இரவில் உறைந்து, காலையில் வெறும் ஈரம்போலத் தெரியும். அதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள், பாலங்களில் முதலில் பிடிக்கும். நெடுஞ்சாலைக்கு ஏறுமுன் ‘511 ஒன்ராறியோ’ என்ற மாகாண அரசின் வீதித் தகவல் தளத்தில் நிலைமையைப் பாருங்கள். காருக்குள் இருந்து சூடேற்றுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள்.

பள்ளிக்கூட விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். பேருந்து ரத்து என்பது பள்ளி மூடப்பட்டது என்று அர்த்தமாகாது, பெரும்பாலும் பள்ளி நடக்கும். காலை ஆறரைக்குப் பள்ளிச் சபையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள் குளிர் முழுதும் பொத்திப்பொத்தி வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டி. ஏப்ரல் வெயிலுக்கு ஆசைப்பட்டு வெளியே வைக்காதீர்கள். தக்காளி, மிளகாய்க் கன்றுகளைக்கூட இங்குள்ளவர்கள் மே மாத விக்ரோறியா தின வார இறுதிக்குப் பிறகுதான் நிலத்தில் வைப்பார்கள். கறிவேப்பிலைக்கு இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகு, முதலில் நிழலில் சில நாள், பிறகு வெயிலில்.