பவுன்ஸ் ஆன முகவரியை உடனே தூக்கிவிடாதீர்கள்

எங்கள் பழைய மாணவர் மின்னஞ்சல் குழு மெயில்மேன் 2.1 என்ற குழு அஞ்சல் மென்பொருளில் ஓடுகிறது. போன சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்களை மதுரையில் ஒருநாள் கூட்டலாம் என்று தினம் ஒரு மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது. இடையில் “இன்னாருக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன், பவுன்ஸ் ஆகிறது” என்று, அதாவது கடிதம் போய்ச் சேராமல் திரும்பி வருகிறது என்று, மெயில்மேனிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அறிவிப்புகள். செத்த முகவரிகள் என்று நினைத்து அத்தனையையும் நீக்கிவிட்டேன். எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் ஒரு சீனியர் பிடித்துக்கொண்டார்: “ஏன்டா தம்பி, எனக்கு மட்டும் சொல்லாம கூட்டம் போடுறீங்களா?” அவருக்கு இன்பாக்ஸ் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான்.

1. எண்ணைப் படியுங்கள்

அறிவிப்போடு திரும்பி வந்த கடிதமும் ஒட்டியிருக்கும். அதில் மூன்று இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகம். ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று தபால்காரர் எழுதிப் போவது மாதிரி. சர்வர் மறுபடி முயன்று பார்க்கும். 5-இல் தொடங்கினால் அந்தக் கடிதத்தை இனி முயலாது.

பக்கத்தில் புள்ளி வைத்த எண்தான் விஷயத்தைச் சொல்லும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். பேரன் காதுகுத்து வீடியோ நாலு ஏறினால் போதும். இவர்களை நீக்க வேண்டாம், போன் செய்து இடத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

2. 5.1.1 வந்தால் நோட்டை எடுங்கள்

எங்கள் முகவரிகள் பாதி, மண்டப வாசலில் நோட்டில் பேனாவால் எழுதி வாங்கியவை. ‘யு’வா ‘வி’யா, ஒன்றா ‘எல்’லா என்று எழுதியவருக்கே தெரியாது. சண்முகம் என்ற பெயரில் ‘எஸ்எச்’சுக்கு அப்புறம் ‘ஏ’ போடுகிறவர்கள் உண்டு, நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் ‘யு’ போடுவார்கள். கடைசியில் ‘டாட் காம்’, ‘டாட் கான்’ ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இனிஷியல் புள்ளி விட்டுப்போனதா என்று ஜிமெயில் முகவரியில் மண்டையை உடைக்க வேண்டாம், அங்கே புள்ளி கணக்கில்லை.

போனில் எழுத்துக் கூட்டிச் சொல்லக் கேட்டு எழுதாதீர்கள். “அண்ணே, உங்க ஐடியிலிருந்து எனக்கு ஒரு ஹலோ அனுப்புங்க” என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வந்த கடிதத்திலிருந்தே முகவரியைக் காப்பி செய்துகொள்ளலாம். வேலை மாறியதால் பழைய கம்பெனி முகவரி செத்திருந்தால், அதுவும் இதிலேயே தெரிந்துவிடும்.

3. அனுப்புவதை மறுபடி தொடங்குங்கள்

நிர்வாகப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் ‘நோமெயில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் விழுந்து பக்கத்தில் ‘பி’ எழுத்து இருந்தால் பவுன்ஸால் நின்றது. ‘யு’ இருந்தால் அவரே நிறுத்திக்கொண்டது, அதில் கை வைக்காதீர்கள். ‘பி’ உள்ளவருக்குக் கோளாறு சரியானதும் டிக்கை எடுத்துச் சேமியுங்கள்.

வழக்கமான அமைப்பில் ஒரு நாள் பவுன்ஸுக்கு ஒரு புள்ளி (ஸ்கோர்), 5 சேர்ந்தால் நிறுத்தம். பிறகு 7 நாளுக்கொன்றாக மூன்று எச்சரிக்கை, அப்புறம் நீக்கம். அந்த எச்சரிக்கையும் அதே உடைந்த முகவரிக்குத்தான் போகிறது! 7 நாள் புது பவுன்ஸ் வராவிட்டால் பழைய புள்ளி காலாவதியாகிவிடும். அதனால் மாதம் ஒரு கடிதம் போகிற குழுவில் 5 புள்ளி சேரவே சேராது. அங்கே யார் பதில் போடுவதே இல்லை என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

4. ஒரே நாளில் நாற்பது பேர் நின்றால்

முகவரிகளைக் குறை சொல்லாதீர்கள். 5.7-இல் தொடங்கும் எண் இருந்தால், பெரும்பாலும் எழுதியவரின் மின்னஞ்சல் சேவையில் உள்ள டிமார்க் விதிதான் (அவர் பெயரில் வேறு சர்வர் அனுப்பும் கடிதத்தை ஏற்காதே என்பது) காரணம். யாஹூ 2014 ஏப்ரலில் இந்த விதியை இறுக்கியபோது உலகம் முழுக்கப் பல குழுக்கள் இப்படித் தடுமாறின. மெயில்மேன் 2.1.18 முதல் இதற்கென்றே ‘டிமார்க் மாடரேஷன் ஆக்‌ஷன்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை ‘மஞ்ச் ஃப்ரம்’ (அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போடுவது) என்று மாற்றிவிட்டு, நின்ற நாற்பது பேருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.